மாவும் புரோட்டீனும் சேர்ந்து சாப்பிடக் கூடாது

திங்கட்கிழமை மதியச் சங்கு ஊதியதும் கேன்டீன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன முதல் ஆள் அப்படியே நின்றுவிட்டான். அவன் முதுகில் அடுத்தவன் முட்டினான். அவன் முதுகில் அதற்கடுத்தவன். கை கழுவும் குழாய் வரை வரிசை நெளிந்தது.

"என்னய்யா, உள்ள பாம்பு கீம்பு இருக்கா?"

"பாம்பா இருந்தா அடிச்சிடலாம். போர்டு வெச்சிருக்காங்க."

மெத்தைகளுக்கு லேபிள் தைக்கும் வெள்ளைத் துணி. அதில் நீல எழுத்து. சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

மாவும் புரோட்டீனும் சேர்ந்து சாப்பிடக் கூடாது. மீறினால் நடவடிக்கை. இப்படிக்கு, நிர்வாகம்.

படித்து முடித்தவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பினார்கள். பாதித் தலைகள், வரிசையின் நடுவில் டிபன் பாக்ஸோடு நின்ற டிஸ்பாட்ச் கிளார்க் பக்கம். மீதித் தலைகள், அப்போதுதான் படியேறி வந்த தையல் பிரிவு சூப்பர்வைசர் பக்கம்.

காரணம் இருந்தது. அந்த மெத்தைக் கம்பெனியில் டிஸ்பாட்ச் கிளார்க்கை எல்லோரும் கூப்பிடுவது மாவு என்றுதான். தையல் சூப்பர்வைசரைக் கூப்பிடுவது புரோட்டீன் என்று.

லாரி டிரைவர்கள் வைத்த பெயர்கள் அவை. "பின் கதவைப் பூட்டியாச்சா?" என்று டிரைவர் கேட்டால், "பூட்டியாச்சு. பூட்டிட்டேன்னா, நானே பூட்டினேன். அதாவது பூட்டாம விட்ருவேனா, பூட்டிட்டேன்" என்பான் கிளார்க். அரைத்த மாவையே அரைக்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்குப் பெயர் வந்த கதை இன்னும் சுருக்கம். இரண்டு ஆண்கள் முக்கி முனகித் தூக்கும் டபுள் மெத்தையை அவள் தலைமேல் தனியாக ஏற்றிக்கொண்டு, கதவைக் காலால் திறந்துகொண்டு போனாள். பார்த்த டிரைவர் வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது. "அம்மாடி, முழுக்க முழுக்க புரோட்டீனு!" என்றான். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்குள் போய்ப் படுத்துவிட்டது.

தினமும் ஜன்னலோர பெஞ்சில் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். அவள் பாக்ஸிலிருந்து சோறு அவன் தட்டுக்குப் போகும். அவனுடைய அவித்த முட்டை பாதியாகப் பிளந்து அவள் தட்டுக்கு வரும். அது என்ன மாதிரியான முட்டை என்பது ஃபேக்டரி முழுக்கத் தெரியும். அதை வாய் திறந்து சொல்லாத ஒரே ஆள் முட்டையின் சொந்தக்காரன்தான்.

அதனால்தான் சனிக்கிழமை அவளே ஆரம்பித்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை எங்கண்ணன் வராரு. என்னைக் கூட்டிட்டுப் போக."

"எங்க?"

"அவர் ஊருக்கு. அவர் பஸ் கண்டக்டர்னு சொல்லியிருக்கேன்ல? அவர் வண்டி டிரைவருக்கே என்னைப் பேசியிருக்காரு. அண்ணன் கண்டக்டர், மாப்பிள்ளை டிரைவர். ஆயுசு பூரா நான் நடுவுல கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்னுட்டே போகணும்."

மாவு வாய்க்குக் கொண்டுபோன முட்டையைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"உனக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லிடு."

"சொல்றேன். கண்டிப்பா சொல்றேன். சொல்லாம எப்படி? சொல்றேன்."

"என்ன சொல்லப் போறே?"

"அதான், சொல்றேன்னு சொன்னேனே."

அவள் டிபன் பாக்ஸை மூடிய சத்தத்தில் அடுத்த பெஞ்சில் ஒருவருக்குப் புரையேறியது. "வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல நீ அரைக்கிற மாவை நீயே சுட்டுத் தின்னுக்கோ."

சாப்பாட்டு நேரத்தை விட்டால் அவர்களுக்குப் பேச வேறு நேரம் கிடையாது. மற்ற நேரம் அவள் தையல் மெஷின்களின் இரைச்சலுக்குள் இருப்பாள். இவன் கட்டடத்தின் மறு கோடியில் லாரிகளின் புகைக்குள். போனில் சொல்லலாமே என்றால், அவன் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சார்ஜ் இறங்கிவிடும். ஆக, இருந்தது ஒரு பெஞ்ச்தான்.

அந்த பெஞ்சுக்கும் இப்போது தடை.

*

போர்டு ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள முதலாளியின் வயிற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

முதலாளிக்கு ஃபேக்டரியில் வழங்கிய பெயர் ஏப்பம். அவர் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும். மாடிப்படியில் ஓர் ஏப்பம் கேட்டால் பீடிகள் அணையும், சிரிப்புகள் நிற்கும், குனியாத தலைகள் குனியும். அவர் வந்ததும் ஊர்ப் பேச்செல்லாம் அடங்கிவிடுவதால், யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பது அவர் காதுக்குப் போனதே இல்லை. தன் பட்டப்பெயர் உட்பட.

அவருக்கு இரண்டு கவலை. ஒன்று, அந்த ஏப்பம். இன்னொன்று, தொழிலாளிகளின் மதியத் தூக்கம். சாப்பிட்டு வந்த ஆட்களைச் சுற்றிப் பஞ்சும் ஸ்பிரிங்கும் வைத்துத் தைத்த புத்தம்புது மெத்தைகளாக அடுக்கி வைத்தால் என்ன நடக்கும்? சரக்கு தரமாக இருந்ததுதான் பிரச்சினை. தரம் பார்க்கிற பிரிவில் ஒருவர் தரம் பார்க்கப் படுத்து, சாயங்கால வேன் கிளம்பிய பிறகுதான் எழுந்தார். முதலாளி தலையணைகளை ஒளித்து வைத்துப் பார்த்தார். மைக்கில் பாட்டுப் போட்டுப் பார்த்தார். பாட்டுக்கு இன்னும் நன்றாகத் தூங்கினார்கள்.

அப்போதுதான் ஒரு நண்பர் அவரைக் குடல் குருவின் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

குடல் குரு மேடையில் ஏறி வயிற்றைத் தடவியபடி பேசினார். "வயிறு ஒரு லிஃப்ட் ஐயா! ஒருத்தன் மேல பட்டனை அமுக்கறான், ஒருத்தன் கீழ பட்டனை அமுக்கறான். என்ன ஆகும்? நடுவுல நிக்கும்! அந்த லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் கத்துற சத்தம்தான் ஏப்பம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பழம் தனியாக. மாவுச்சத்து தனியாக. புரோட்டீன் தனியாக. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. வெயில் சாய்ந்த பிறகு எதுவுமே கூடாது. முதலாளி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அங்கேயே இரண்டு நாள் அப்படியே சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலையில் எழுந்து வழக்கம்போல் ஏப்பத்துக்காக வாயைத் திறந்தார்.

வரவில்லை.

அவர் கண் கலங்கிவிட்டது. அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டார். இந்த மேனேஜருக்கு, கழுத்தில் எப்போதும் தொங்குகிற சாமானை வைத்து, விசில் என்று பெயர்.

"கேன்டீன்ல பெரிசா ஒரு போர்டு போடு. மாவும் புரோட்டீனும் சேர்த்து சாப்பிடக் கூடாது. மீறினா நடவடிக்கை. எழுதிக்கிட்டியா?"

"சார், எந்த மாவு..."

"கேள்வி கேக்காதே. எனக்குப் பழ நேரம் வந்திடுச்சு."

போன் கட். விசில் ஒன்றும் புரியாமலேயே சொன்னதைத் துண்டுச் சீட்டில் எழுதி, லேபிள் அச்சடிக்கும் மெஷினுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

முதலாளி சொன்னது "சேர்த்து". போர்டில் ஏறியது "சேர்ந்து". நடுவில் எங்கேயோ ஒரே ஓர் எழுத்து ஆள்மாறிவிட்டது. கொலை நடந்த வீட்டில் கூடக் கத்தியைத் தேடுவார்கள். இங்கே யாரும் எழுத்தைத் தேடவில்லை.

*

போர்டையும், போர்டைப் படித்தவர்கள் திரும்பிய திசையையும் பார்த்த நொடியில் விசிலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆகா, முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது! ரூமை விட்டு வெளியே வராமலேயே மனுஷன் எதையெல்லாம் கண்டுபிடித்திருக்கிறார்! அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று முதல் ஜன்னலோர பெஞ்சின் நடுவில் அவரே உட்கார்ந்துகொண்டார். மாவு இந்தக் கோடி. புரோட்டீன் அந்தக் கோடி. மாவு உப்பு கேட்டுக் கையை நீட்டினாலும் விசில் ஊதியது.

"மேனேஜர் சார், உப்பு சார்."

"உப்பு எந்தப் பக்கம் இருக்கு?"

"அவங்க பக்கம்."

"அப்போ உப்பில்லாம சாப்பிடு."

கேன்டீன் நடத்திய அக்காவால் இதைப் பொறுக்க முடியவில்லை. கரண்டியும் கையுமாக அவளே தூது போனாள்.

"தம்பி, அவ கேக்கறா. ஏதாவது சொல்லப் போறியா இல்லையா?"

"சொல்றேன்னு சொல்லுங்கக்கா."

"அதைத்தான் நேத்தே சொல்லிட்டேனே."

"இன்னைக்கும் சொல்லுங்க. கண்டிப்பா சொல்றேன்னு, நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"ஏன்டா, நான் தூது வந்தேனா, கொசு விரட்ட வந்தேனா? சுத்தி சுத்தி ஒரே இடத்துக்கே வரேன்!"

ஃபேக்டரி இரண்டாகப் பிளந்தது. மாவு கட்சி ஒன்று. முகம் தெரியாத டிரைவர் கட்சி ஒன்று. பஞ்சு அடைக்கிறவர்கள் அடைத்துக்கொண்டே வாதாடினார்கள். ஸ்பிரிங் பிரிவு தையல் பிரிவுக்கு ஆள் அனுப்பி நிலவரம் கேட்டது. "இப்போ முகம் எப்படி இருக்கு?" "உர்ருனு இருக்கு." "அழுத மாதிரியா, அடிக்கப் போற மாதிரியா?" மதியம் யாருக்கும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் எதையாவது தவற விட்டுவிடுவோமோ என்கிற பயம். பேசிக்கொண்டே தைத்ததில் மெத்தைகள் மலை மாதிரி குவிந்தன.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. சோற்றில் பருப்பை ஊற்றி, ரொட்டிக்குள் முட்டையைச் சுருட்டி, மீனை உருளைக்கிழங்கோடு பிசைந்து, எப்போதும்போல் வெளுத்துக் கட்டினார்கள். போர்டு சாப்பாட்டைப் பற்றியது என்று ஒருவருக்குமே தோன்றவில்லை.

முகாமிலிருந்து திரும்பிய முதலாளி மாடி ரூம் கண்ணாடி வழியாக ஃபேக்டரியைப் பார்த்தார். மதிய வேளை. ஒருவர் வாயிலும் கொட்டாவி இல்லை. எல்லோர் கண்ணிலும் பளபளப்பு. மெஷின்கள் பறக்கின்றன.

"குருவே!" என்று போனில் கதறினார். "நீங்க தெய்வம்! வெள்ளிக்கிழமை நீங்க நேர்ல வந்து பாக்கணும்!"

*

வியாழக்கிழமை மாவு மாடியேறினான்.

படியிலேயே இரண்டு முறை திரும்பி இறங்கி, இரண்டு முறையும் கேன்டீன் அக்கா கீழே கரண்டியோடு நிற்பதைப் பார்த்து மறுபடி ஏறினான். உள்ளே முதலாளி ஒரு தட்டு பப்பாளித் துண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பழ நேரம் இன்னும் வரவில்லை.

"சார், போர்டு விஷயமா வந்தேன். அதாவது, போர்டு இருக்கில்ல சார், அந்தப் போர்டு."

முதலாளி முகம் மலர்ந்தது. "சொல்லுப்பா டிஸ்பாட்ச்! எப்படி இருக்கு?"

"கஷ்டமா இருக்கு சார்."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

"மாவு என்ன சார் தப்பு பண்ணிச்சு?"

"ஒரு தப்பும் பண்ணலை. மாவு நல்லதுதான். புரோட்டீனும் நல்லதுதான். தனித்தனியா ரெண்டும் தங்கம். சேர்ந்தாதான் சண்டை."

"இத்தனை வருஷத்துல ஒரு சண்டை வந்ததில்ல சார்."

"உனக்குத் தெரியாது. உள்ளுக்குள்ளயே நடக்கும். புளிச்சு, பொருமி, ஒருநாள் வெளியே வரும். அப்போ பக்கத்துல நிக்கிறவன் கதி என்ன?"

மாவு யோசித்துப் பார்த்தான். அவள் பாக்ஸ் மூடியைச் சாத்திய சத்தம் ஞாபகம் வந்தது. முதலாளி சொல்வதிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

"அப்போ சேரவே கூடாதா சார்?"

"யார் சொன்னா? நாலு மணி நேரம் இடைவெளி விடு. முதல்ல வந்தது முழுசா இறங்கட்டும். அப்புறம் அடுத்தது."

"நாலே மணி நேரமா?" மாவுக்கு உயிர் வந்தது. "அப்போ சாயங்காலம் வேலை முடிஞ்சு..."

"வெயில் சாயறதுக்கு முன்னாடி. இருட்டினா கூடவே கூடாது."

"கல்யாணம் ஆனாக் கூடவா சார்?"

முதலாளி மேஜையைத் தட்டினார். "கல்யாணம்தான்ப்பா எல்லாத்துக்கும் மூலம்! எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிக் கொட்டிக்கிட்டு, ராத்திரி பூரா தூங்க முடியாம நெளிஞ்சிக்கிட்டு... நான் படாத பாடா? வீட்டுல அம்மாவைக் கேட்டுப் பாரு!"

மாவுக்குக் காது சூடாகிவிட்டது. முதலாளியம்மாவை வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி விழா மேடையில் பார்ப்பதோடு சரி. அவரிடம் போய் இதைக் கேட்பதா? அந்தக் கூச்சத்தில் அவனுக்குள் என்னவோ அறுந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவன் ஒரு வாக்கியத்தை ஒரே தடவையில் சொன்னான்.

"சார், புரோட்டீன் இல்லாம என்னால இருக்க முடியாது."

முதலாளி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "முழுசா புரோட்டீனுக்கே மாறிடறியா? பண்ணலாமே. மாவை விட்டுடு."

"மாவை எப்படி சார் விடறது? மாவே நான்தான்!"

"அப்படி மனசு உடைஞ்சு பேசக் கூடாது." எழுந்து வந்து தோளில் கை போட்டார். "எதைத் தின்னுக்கிட்டே இருக்கோமோ அதாவே ஆயிடுவோம்னு குரு சொன்னாரு. இப்போ உன்னைப் பாத்ததும்தான் புரியுது. நாளைக்கு அவரே வராரு. உன் பிரச்சினையை அவர்கிட்டயே சொல்லு."

இதற்குக் குரு வேறா! மாவு கையை உதறினான். "யார் வந்தாலும் சரி சார். நாளைக்கு மதியம் நான் புரோட்டீன் பக்கத்துலதான் இருப்பேன். வேலை போனா போகட்டும்!"

"பக்கத்துல இருக்கலாம்ப்பா. பாத்துக்கிட்டே இரு. உள்ள போகாம இருந்தா சரி."

கடிகாரம் அடித்தது. முதலாளி பாய்ந்து பப்பாளியை எடுத்தார்.

கீழே அக்கா காத்திருந்தாள். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அக்கா காத்திருந்தாள். அவன் அதை மறுபடி சொல்லவில்லை. அவளுக்குக் கரண்டி கை நழுவியது.

*

வெள்ளிக்கிழமை மதியம். சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே கேன்டீன் நிரம்பிவிட்டது.

ஜன்னலோர பெஞ்சில் புதிதாக ஒரு ஆள். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கூட்டத்துக்கு நடுவே நின்று நின்று ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன உடம்பு. புரோட்டீனின் அண்ணன். அக்கா அவர் தட்டில் சோறும் பருப்பும் இரண்டு முட்டையும் வைத்தாள். புரோட்டீன் சாப்பிடவில்லை. அவள் பார்வை வாசலில் இருந்தது.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் படித்தார். "மாவும் புரோட்டீனும்... என்னம்மா இது, ஆஸ்பத்திரியில மாட்ட வேண்டியதை இங்க மாட்டியிருக்காங்க?"

"அது சாப்பாட்டைப் பத்தி இல்லண்ணே."

"பின்னே?"

"இங்க என்னை எல்லாரும் புரோட்டீன்னுதான் கூப்பிடுவாங்க."

அண்ணன் கை பாதியில் நின்றது. சுவரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"அப்போ மாவு யாரு?"

கேன்டீனில் அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

எதிர் மூலையில் மாவு எழுந்தான். கையில் தட்டு. தட்டில் சோறு, சோற்றின் மேல் ஒற்றை முட்டை. நடக்க ஆரம்பித்தான். பெஞ்சுக்குப் பெஞ்ச் கால்கள் மடங்கி வழிவிட்டன.

பீ...ப்!

மேனேஜர் குறுக்கே வந்துவிட்டார். "எங்க போறே? போர்டைப் படிக்கலை?"

மாவு நின்றான். அவனுடைய கால்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகியவை. முட்டை தட்டில் உருண்டு ஓரத்துக்கு வந்தது. புரோட்டீன் உதட்டைக் கடித்தாள். இவ்வளவுதானா? இதற்குத்தானா?

மாவு தட்டைச் சரித்து முட்டையை நடுவுக்குக் கொண்டுவந்தான். மேனேஜரைச் சுற்றிக்கொண்டு நடந்தான். பெஞ்சுக்கு வந்தான். அவள் தட்டுக்கு இந்தப் பக்கம் தன் தட்டை வைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். குரல் வாசலிலிருந்து வந்தது.

"அடப்பாவிகளா! சேர்ந்தாச்சா? பட்டப்பகல்ல, ஒரே தட்டுல!"

வாசலில் முதலாளி. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் குடல் குரு. ஏப்பம் நின்றுபோன பிறகு முதலாளி வருவது யாருக்குமே தெரியவில்லை. முதலாளி பார்த்தது பெஞ்ச் பெஞ்சாகச் சோற்றோடு கலந்து கிடந்த முட்டையை, மீனை, பருப்பை. கூட்டம் பார்த்தது ஜன்னலோர பெஞ்சை.

மாவு எழுந்து நின்றான். முதலாளியைப் பார்த்துத்தான் ஆரம்பித்தான். பாதியில் கண்டக்டர் பக்கம் திரும்பினான்.

"ஆமா சார், சேர்ந்தாச்சு. அண்ணே, நான்தான் மாவு. உங்க தங்கச்சியைக் கட்டிக்க எனக்கு இஷ்டம். அவளை டிரைவருக்குக் கொடுக்காதீங்க."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். இன்னொரு முறை சொல்லப் போகிறான் என்று கூட்டமே காத்திருந்தது. சொல்லவில்லை.

அண்ணன் அவனைத் தாண்டிப் பார்த்தார். அவர் கோபம் வாசல் பக்கம் போய்விட்டது. "யோவ், நீதான் முதலாளியா? என் தங்கச்சி யார் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்னு போர்டு மாட்ட நீ யாருய்யா?"

"தங்கச்சியா? நான் முட்டையைச் சொன்னேன்!"

"என் தங்கச்சியை முட்டைங்கிறியா?"

"ஐயோ, உங்க தட்டுல இருக்கிற முட்டையை!"

"என் தட்டைப் பத்தி உனக்கென்னய்யா? நான் உன் ஃபேக்டரி ஆள் கூட இல்ல!"

இந்தக் கலவரத்தில் குடல் குரு மட்டும் நிதானமாகச் சுவரின் அருகே போய்க் கண்ணாடியை மாட்டினார். துணியில் விரல் வைத்தார்.

"எழுத்து தப்பு. 'சேர்த்து'னு இருக்கணும். சேர்த்துன்னா சாப்பாடு. சேர்ந்துன்னா ஆளுங்க."

எல்லா முகமும் மேனேஜர் பக்கம் திரும்பியது. "சத்தியமா நான் சரியாத்தான் எழுதிக் கொடுத்தேன்!" என்று விசிலைத் தொட்டுச் சத்தியம் செய்தார் அவர்.

"ஆமா, சரியாத்தான் எழுதிக் கொடுத்தாரு." புரோட்டீன் எழுந்தாள். "லேபிள் மெஷின் என் பிரிவுல இருக்கு. மாத்தினது நான்."

முதலாளிக்கு நாற்காலி தேவைப்பட்டது. அக்கா ஒன்றைத் தள்ளினாள்.

"ஏம்மா?"

அவள் முதலாளியிடம் சொல்லவில்லை. மாவிடம் சொன்னாள். "அந்தச் சீட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி என் கைக்கு வந்துச்சு. மாவும் புரோட்டீனும்னு படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். நீயா வர மாட்டே. யாராவது கூடாதுன்னு சொன்னாலாவது வருவியானு பாத்தேன். வரலைன்னா டிரைவரே மேலு."

"அப்போ நேத்து நான் மாடிக்குப் போய்ப் பேசினது..."

"அக்கா சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் நேத்து ராத்திரி எனக்குச் சோறு இறங்கிச்சு."

அண்ணன் பெஞ்சைச் சுற்றி வந்து மாவின் முன்னால் நின்றார். ஏற இறங்கப் பார்த்தார். படிக்கட்டில் தொங்குகிறவனைப் பார்க்கிற அதே பார்வை.

"தம்பி, நான் வேலையில ஒரே ஒரு விஷயம்தான் பாப்பேன். உள்ள வரவன் உள்ள வரணும். இறங்கறவன் இறங்கணும். படியில ஒரு கால், ரோட்டுல ஒரு காலுன்னு வரவனை நான் ஏத்தறதில்ல. நீ ஏறியாச்சா?"

"ஏறியாச்சுண்ணே."

மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, பழக்க தோஷத்தில் விசிலை வாயில் வைத்து ஒரு முறை ஊதிவிட்டார்.

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தன் சொந்த விசிலை எடுத்தார். பல வருஷம் பஸ்ஸில் ஊதிப் பளபளத்த விசில். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும் என்பதும், இரண்டு விசில் என்றால் போகலாம் என்பதும் பஸ்ஸில் ஏறிய எல்லோருக்கும் தெரியும்.

பீப்! பீப்!

கேன்டீன் கூரை அன்று தப்பியது பெரிய விஷயம். டிரைவர் கட்சிக்காரர்கள் கூடக் கட்சி மாறிக் கைதட்டினார்கள்.

*

"எல்லாம் சரி," என்றார் முதலாளி. நாற்காலியிலிருந்து அவர் இன்னும் எழவில்லை. "எல்லாத்தையும் கலந்துதான் தின்னிருக்கீங்க. பின்னே ஒரு வாரமா ஏன் யாருமே தூங்கலை?"

"இவங்க ரெண்டு பேர் கதை என்ன ஆகும்னு தெரியாம எப்படி சார் தூக்கம் வரும்?" என்றாள் அக்கா. "சரி, வந்ததுதான் வந்தீங்க. உக்காருங்க. சூடா இருக்கு."

முதலாளி குருவைப் பார்த்தார். குரு கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. சோற்றின் மேல் அக்கா ஊற்றிய பருப்பிலிருந்து ஆவி எழுந்து அவர் கண்ணாடியை மூடியது. கண்ணாடி மூடியிருக்கும்போது மனிதன் என்ன சாப்பிடுகிறான் என்பது யாருக்குத் தெரியும்?

"இன்னைக்கு மட்டும்," என்றார் குரு. "ஆராய்ச்சிக்காக."

ஆராய்ச்சி மூன்று முட்டை வரை போனது. முடிவில் முதலாளியிடமிருந்து ஒரு ஏப்பம் கிளம்பிக் கேன்டீனைச் சுற்றி வந்தது. பழைய சிநேகிதன் ஊர் திரும்பிய மாதிரி எல்லோரும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள்.

கதை முடிந்துவிட்டது. யார் யாரைக் கட்டப் போகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது.

முதலில் ஸ்பிரிங் பிரிவில் ஒரு மெஷின் நின்றது. அப்புறம் பஞ்சுப் பிரிவு. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாகத் தொண்டை அடைத்து ஓய்ந்தன. தரம் பார்க்கும் அறையில் வரிசையாகப் போட்டிருந்த மெத்தைகளில் முதலாளி ஒன்றில், குரு ஒன்றில், நடுவில் அண்ணன் தோல் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. மூன்று குறட்டையும் மூன்று சுருதியில் போயின. மேனேஜர் வாசலில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மூச்சு விடும்போதெல்லாம் கழுத்து விசில் மெல்ல ஊதியது.

ஃபேக்டரி முழுக்க விழித்திருந்தது இரண்டு பேர்தான். கேன்டீன் பெஞ்சில் பாதி முட்டை இன்னும் மீதமிருந்தது.

"எல்லார் முன்னாடியும் எங்கண்ணன்கிட்ட சொன்னே," என்றாள் புரோட்டீன். "என்கிட்ட இன்னும் சொல்லலை."

மாவு முட்டையை அவள் தட்டில் வைத்தான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக, ஒரே தடவை சொன்னான்.

அவள் சாய்ந்து காதைக் காட்டினாள்.

"என்ன சொன்னே? மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை."

மெஷின் எதுவும் ஓடவில்லை. அவன் மறுபடியும் சொன்னான்.